மடியும் கதவும்: பல் மருத்துவ நாற்காலியில் குழந்தையைப் பிடிக்கும் கை யாருடையது?

காது குத்தும் நாளில் குழந்தை தாய்மாமன் மடியில் அமர்கிறது. ஆசாரி கம்பியைக் கையில் எடுத்ததும் மாமன் ஒரு கையால் குழந்தையின் இரு கைகளையும் சேர்த்துப் பிடித்து, மறுகையால் அதன் தலையைத் தம் மார்போடு அணைத்துக்கொள்கிறார். குழந்தை வீறிடுகிறது. யாரோ ஒருவர் அதன் வாயில் சர்க்கரையை வைக்கிறார். அடுத்த காதுக்கும் அதே கதைதான். திருமலைக் கல்யாண கட்டாவில் முதல்முடி இறக்கும்போதும் இதே காட்சியைக் காணலாம். தந்தையோ பாட்டியோ தரையில் அமர்ந்து குழந்தையின் தலையைக் குனியவைத்துப் பிடித்திருக்க, நாவிதரின் கத்தி பின்னந்தலையிலிருந்து இறங்குகிறது. அழுகைக்கு நடுவே சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அந்தப் பிடியை வன்முறை என்று எவரும் சொல்வதில்லை.

இதே குடும்பம், மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து, கன்னம் வீங்கிய அதே குழந்தையுடன் திருப்பதியிலோ சித்தூரிலோ ஒரு பல் மருத்துவமனைக்கு வருகிறது. 'நீங்கள் வெளியே இருங்கள்' என்று பெற்றோரிடம் சொல்லப்படுவது அங்கே புதிதன்று. கதவு மூடப்படுகிறது. உள்ளிருந்து வரும் அழுகையைக் கேட்டபடி தாய் வெளியே நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். அவள் அப்போது என்ன நினைக்கிறாள் என்பது பல் மருத்துவ ஆய்வேடுகளில் 'நடத்தை மேலாண்மை முறைகள் குறித்த பெற்றோர் மனப்பாங்கு' என்ற தலைப்பில் இடம்பெறும் பொருள். அத்தலைப்புக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் பெரும்பகுதியில் அந்தத் தாயிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

சித்தூரும் திருப்பதியும் அமைந்த நிலம் எல்லைகளால் அடிக்கடி கலைத்து அடுக்கப்பட்ட நிலம். 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமாகும் வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரமாக இருந்தது சித்தூரே. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது மாவட்டம் அதனுடன் சென்றது. படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானது. கோடுகள் இவ்வாறு நகர்ந்தபோதும் வீடுகளின் பேச்சு பெரிதும் மாறவில்லை. தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில், பல இடங்களில் ஒரே வீட்டில் புழங்குகின்றன, உருதும் உண்டு. நோயாளிகளின் பாதையும் மாறவில்லை. சித்தூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். பெரிய நோய் என்றால் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவது இன்றும் தொடரும் வழக்கம்.

எலும்பு முறிந்தால் மட்டும் பாதை வேறு. திருப்பதியிலிருந்து சென்னைக்குச் செல்லும் சாலையிலுள்ள புத்தூரின் எலும்புக்கட்டு தமிழகம் முழுவதும் பெயர் பெற்றது. தமிழகத்தின் சிற்றூர்களிலும் 'புத்தூர் கட்டு' என்ற பெயர்ப்பலகையைக் காணலாம். பச்சிலைப் பற்று, முட்டை வெள்ளைக் கரு, மூங்கில் பத்தை, துணி ஆகியவையே அந்த மரபின் கருவிகள். மயக்க மருந்து கிடையாது. விலகிய எலும்பை வைத்தியர் இழுத்துச் சேர்க்கும் அந்த நொடியில் குழந்தையைப் பிடித்திருப்பவர் தந்தை அல்லது சித்தப்பா. வீட்டுக்குள் வந்தாலும் இதே முறைதான். விளக்கெண்ணெய் புகட்டும் பாட்டி குழந்தையைத் தன் கால்களின்மேல் கிடத்தி, மூக்கைப் பிடித்து, வாய் திறந்ததும் சங்கைச் சரிக்கிறாள்.

இந்தக் காட்சிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு வேலைப் பிரிவினை தெரிகிறது. காது குத்துதல், மொட்டை, எலும்புக்கட்டு ஆகிய மூன்றிலும் வலியோ அச்சமோ தரும் கை வெளியாளுடையது; பிடிக்கும் கை உறவினருடையது. விளக்கெண்ணெயில் இரண்டும் பாட்டியின் கைகளே. எதிலும் உறவற்ற ஒருவர் தாமே பிடித்து, தாமே வலி தருவதில்லை. அவ்விரு வேலைகளையும் ஓர் அந்நியரிடம் ஒப்படைத்துவிட்டு உறவினரைக் கதவுக்கு வெளியே நிறுத்திய ஏற்பாடு இம்மண்ணில் முளைத்தது அன்று. அது பாடநூல்களோடு வந்தது.

அந்தக் கதவின் தோற்றத்தை அறிய அமெரிக்காவுக்குப் போக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே பல் துளைக்கும் கருவி காலால் மிதித்து ஓட்டப்பட்டது, மெதுவாகச் சுழன்றது, அதிர்ந்தது, சூடேறியது. பாதுகாப்பான மரப்பு ஊசி இன்னும் வந்திருக்கவில்லை. அத்தகைய நாற்காலியில் குழந்தை அசையாதிருப்பது இயல்புக்கு மாறானது. ஆயினும் 1895இலேயே மெக்எல்ராய் என்ற பல் மருத்துவர், வேலை எவ்வளவு குறைவின்றி முடிந்தாலும் குழந்தை அழுதுகொண்டே வெளியேறினால் அந்த வருகை தோல்விதான் என்று எழுதினார். குழந்தைப் பல் மருத்துவத்தின் நூல்கள் இக்கருத்தை இன்றளவும் முதல் பக்கத்தில் வைத்துப் போற்றுகின்றன. அடுத்த பக்கங்களில் நடந்தது வேறு.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1909 முதல் குழந்தைகளுக்கு மட்டுமே மருத்துவம் செய்த எவஞ்சலின் ஜோர்டன், இத்துறையின் முன்னோடியாக மதிக்கப்படும் பெண்மணி. 1925இல் வெளியான அவருடைய நூல் குழந்தைப் பல் மருத்துவத்தின் தொடக்கப் பாடநூல்களுள் ஒன்று. சொல்லைக் கேட்காமல் அழுது திமிறும் குழந்தையின் வாயை, மடித்த துணியொன்றை வைத்து, மென்மையாகவும் உறுதியாகவும் பொத்திப் பிடிக்குமாறு அந்நூல் அறிவுறுத்துகிறது. தன் கூச்சலே குழந்தையின் வெறியை வளர்க்கிறது, ஒலி அடங்கினால் அறிவு திரும்பும் என்பது அவருடைய விளக்கம். குழந்தைகளுக்காகவே வாழ்ந்த ஒருவரிடமிருந்து இம்முறை வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அது கொடுமைக்காரர் ஒருவரின் கண்டுபிடிப்பு அன்று. வேறு கருவி இல்லாத காலத்தின் கண்டுபிடிப்பு. அக்காலத்தின் குழந்தை வளர்ப்புக் கொள்கையும் அதற்கு இசைவாகவே இருந்தது. 1928இல் உளவியலாளர் ஜான் வாட்சன் வெளியிட்ட புகழ்பெற்ற கையேடு, குழந்தையைக் கொஞ்சுவதும் மடியில் வைத்துக்கொள்வதும் அதைக் கெடுக்கும் என்று தாய்மாரை எச்சரித்தது. அத்தகைய உலகில் தாய் கதவுக்கு வெளியே இருப்பதே அறிவியல் எனப்பட்டது.

கருவிகள் மாறியபோது இந்த நியாயத்தின் பாதி சரிந்தது. சுவீடனில் 1943இல் உருவாக்கப்பட்ட லிடோகெயின் 1948இல் விற்பனைக்கு வந்தது. 1957இல் காற்றுச் சுழலியால் இயங்கும் அதிவேகத் துளைப்பான் அறிமுகமானது. நம் பல் மருத்துவர்கள் இன்றும் 'ஏரோட்டர்' என்று சொல்லும் கருவி அதுவே. வலி குறைந்தது, நேரமும் குறைந்தது. 1959இல் நியூயார்க்கின் ஹரால்ட் அடெல்ஸ்டன் 'சொல், காட்டு, செய்' என்ற முறையை வகுத்தளித்தார். செய்யப்போவதைக் குழந்தைக்குப் புரியும் சொல்லில் சொல்ல வேண்டும். கருவியைக் காட்டி, அதன் விரல் நகத்தின்மேல் ஓட்டிக் காண்பிக்க வேண்டும். பிறகே வாய்க்குள் செய்ய வேண்டும். எளிய முறை. உலகெங்கும் பெற்றோரிடம் கேட்டபோதெல்லாம் பட்டியலின் உச்சியில் நின்றதும் இதுவே.

1962இல் வெளியான ஓர் ஆய்வு இவ்வரலாற்றின் நடுப்புள்ளி. ஃபிராங்கல், ஷியர், ஃபோகல்ஸ் ஆகிய மூவரும் கேட்ட கேள்வி நேரானது: மருத்துவ அறைக்குள் குழந்தையுடன் பெற்றோர் இருக்கலாமா, கூடாதா? மூன்றரை வயது முதல் ஐந்தரை வயது வரையிலான குழந்தைகளைத் தாயுடன் ஒரு சாராரையும் தாயின்றி ஒரு சாராரையும் உட்காரவைத்துப் பார்த்தனர். நான்கு வயதை ஒட்டிய சிறியவர்கள் தாய் உடனிருந்தபோது தெளிவாகவே இணக்கமாக இருந்தனர். அதைவிடப் பெரியவர்களிடம் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. தாய் உள்ளே இருப்பதால் கேடு விளையும் என்ற நம்பிக்கைக்கு அவ்வாய்வில் சான்று கிடைக்கவில்லை.

ஆய்வை நடத்துவதற்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. குழந்தையின் நடத்தையை நான்கு படிகளாக, முற்றிலும் எதிர்மறை முதல் முற்றிலும் நேர்மறை வரை, அவர்கள் பிரித்தனர். இரண்டு கழித்தற்குறி, ஒரு கழித்தற்குறி, ஒரு கூட்டற்குறி, இரண்டு கூட்டற்குறி என்று பின்னாளில் சுருங்கிய இந்த 'ஃபிராங்கல் அளவை' உலகெங்கும் பரவியது. இன்று இந்தியப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் குழந்தையின் நோயாளர் ஏட்டைத் திறந்தால் அந்தக் குறிகளைக் காணலாம். அளவுகோல் உலகை வலம் வந்தது. எந்தக் கேள்விக்காக அது செய்யப்பட்டதோ அந்தக் கேள்வி பின்தங்கிவிட்டது. குழந்தையின் நடத்தைக்குக் குறி இடும் மாணவர்களில் எத்தனை பேருக்கு அக்குறியின் பின்னால் ஒரு தாய் அறைக்குள் அமர்ந்திருந்தாள் என்பது தெரியும்? அறிவு கடல் கடக்கும்போது கருவிகள் முதல் வகுப்பிலும் கேள்விகள் சரக்குப் பெட்டியிலும் பயணம் செய்கின்றன போலும்.

இந்தியாவின் கதை தனியே தொடங்கியது. அமெரிக்காவின் அயோவாவில் பயின்று திரும்பிய ரஃபியுதீன் அகமது 1920இல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். 1948இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு பல் மருத்துவ மன்றம் அமைந்தது. பட்டம் பெறாமலே ஆண்டுக்கணக்கில் தொழில் செய்துவந்தோரையும் அச்சட்டம் தனிப் பிரிவில் பதிந்துகொண்டது. சென்னையின் சீனப் பல் மருத்துவக் குடும்பங்களை அறிந்தவர்க்கு அந்தக் காலத்தின் நிலை விளங்கும். சென்னையில் 1953இலும் ஐதராபாத்தில் 1959இலும் அரசுப் பல் மருத்துவக் கல்விக்கான நிறுவனங்கள் தோன்றின. திருப்பதியில் 1960இல் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரி தொடங்கியது. எனினும் பல் மருத்துவத்துக்கெனத் தனிக் கல்லூரி அந்நகருக்கு வருவதற்கு இந்நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. ரேணிகுண்டா சாலையிலுள்ள சி.கே.எஸ். தேஜா கல்லூரியைச் சொல்லலாம்.

இடைப்பட்ட காலத்தில் சித்தூர் வட்டாரக் குழந்தையின் சொத்தைப் பல்லுக்கு என்ன நேர்ந்தது? பெரும்பாலும் ஒன்றும் நேரவில்லை. பால்பல் விழுந்துவிடும், புதுப்பல் முளைக்கும் என்பது வீட்டின் மருத்துவ அறிவு. விழுந்த பல்லைச் சாணத்தில் உருட்டிக் கூரைமேல் எறிவதோடு அதன் கணக்கு முடிந்தது. கிராம்புத் தைலமும் உப்புநீரும் வலியைத் தள்ளிப்போட்டன. தள்ளிப்போட முடியாத இரவுக்கு மறுநாள் காலையே குழந்தை முதன்முதலாகப் பல் மருத்துவரைக் கண்டது. வீங்கிய கன்னம், உறங்காத கண்கள், பசி ஆகியவற்றோடு அந்த அறிமுகம் நிகழ்ந்தது; அன்றைக்கே பல்லைப் பிடுங்கவும் வேண்டியிருந்தது. 'சொல், காட்டு, செய்' முறைக்கு வலியற்ற ஒரு முதல் வருகை தேவை. அந்த வருகையே இங்கு நிகழ்வதில்லை. குழந்தையின் நடத்தையைப் பற்றிப் பேசும்போது இந்தத் தாமதம் பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. 'ஒத்துழைக்காத குழந்தை' என்று ஏட்டில் எழுதப்படுவது பல நேரங்களில் ஓர் ஆண்டு தாமதித்து வந்த குழந்தை.

தாமதத்தோடு அச்சமும் வீட்டிலிருந்தே வந்தது. சோறு உண்ண மறுக்கும் பிள்ளையிடம் தமிழ் வீட்டில் பூச்சாண்டியையும் தெலுங்கு வீட்டில் பூச்சோடுவையும் அழைப்பார்கள். நகரங்களில் அந்த இடத்துக்கு மருத்துவர் வந்து சேர்ந்தார். 'டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்' என்பதும் 'சூதி வேயிஸ்தா' என்பதும் ஒரே அச்சுறுத்தலின் இரு மொழி வடிவங்கள். ஆண்டுக்கணக்கில் பேயாகப் பயன்படுத்தப்பட்டவரிடம் ஒருநாள் காலையில் வாயைத் திறந்து காட்டுமாறு குழந்தையிடம் சொல்லப்படுகிறது. பெற்றோர் மனப்பாங்கை அளக்கும் வினாநிரல்கள் மருத்துவர் செய்வதைப் பெற்றோர் ஏற்கின்றனரா என்றே கேட்கின்றன. மருத்துவரை அவர்கள் வீட்டில் எவ்வாறு பயன்படுத்தினர் என்ற கேள்வியும் அவற்றில் இருந்திருக்கலாம்.

இந்தியக் குழந்தைப் பல் மருத்துவர்களின் சங்கம் 1979இல் உருவானது. அந்தத் தலைமுறை பயின்றது அமெரிக்கப் பாடநூல்களை. சிட்னி ஃபின், ரால்ஃப் மெக்டொனால்ட் ஆகியோரின் நூல்களே நம் நூலகங்களில் இருந்தன. நடத்தை மேலாண்மை என்ற அத்தியாயமும் அவற்றோடு வந்தது. அதில் வாய்மேல் கை வைக்கும் முறையும் இருந்தது. 1974இல் லெவிடாஸ் என்பவர் அம்முறையை ஆதரித்து எழுதியபோது அதற்குப் 'பயிற்சி' என்று பெயரிட்டார். அப்பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'வீடு' என்ற பொருள்தரும் சொல் கிடைக்கும். சுருக்கப் பெயர்களுக்கு மனச்சான்று இருப்பதில்லை.

பெற்றோரிடம் முறையாகக் கேட்கும் வழக்கம் 1980களில்தான் வலுப்பெற்றது. வட கரோலினாவில் மர்ஃபி, ஃபீல்ட்ஸ், மேச்சன் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான சிகிச்சைக் காட்சிகளை ஒளிநாடாவில் காட்டிப் பெற்றோரின் ஏற்பைக் கேட்டனர். 'சொல், காட்டு, செய்' உச்சியில் நின்றது. முழு மயக்கமும் 'பாப்பூஸ் பலகை' என்னும் கட்டுப்பலகையும் அடியில் கிடந்தன. அப்பலகையின் பெயர் வட அமெரிக்கப் பழங்குடி மொழியொன்றில் குழந்தையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பழங்குடித் தாய்மார் குழந்தையைச் சுற்றிக் கட்டி முதுகில் சுமந்த தொட்டிற்பலகை, மருத்துவ அறையில் பட்டைகளுடன் கூடிய கட்டுப்பலகையாயிற்று. நம் தூளியைக் கழற்றிக் கொண்டுபோய் அதற்கு வார் தைத்ததைப் போன்றது இது.

1991இல் லாரன்ஸ் முதலியோர் ஒஹையோவில் செய்த ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. ஒரு பிரிவுப் பெற்றோருக்கு ஒவ்வொரு முறையும் எதற்காக, எப்போது கையாளப்படுகிறது என்று முன்னதாக விளக்கப்பட்டது. மறு பிரிவுக்கு விளக்கம் இல்லை. விளக்கம் கேட்டோர் எல்லா முறைகளையும் கூடுதலாக ஏற்றனர். பெற்றோரின் 'மனப்பாங்கு' கல்லில் வெட்டிய எழுத்து அன்று, அவர்களிடம் எவ்வாறு பேசப்பட்டது என்பதன் நிழல் அது என்பதை இவ்வாய்வு காட்டியது. இதை இரு விதமாகப் படிக்கலாம். பெற்றோருக்கு அறியும் உரிமை உண்டு என்பது ஒரு வாசிப்பு. நன்றாக விளக்கினால் எதற்கும் ஒப்புதல் பெற்றுவிடலாம் என்பது மற்றொன்று. இரண்டாவது வாசிப்பைத் துறையினர் சிலர் விரும்பினர் என்பதை மறைப்பதற்கில்லை.

2005இல் ஒஹையோவிலேயே ஈட்டன் முதலியோர் மீண்டும் கேட்டபோது வரிசை கலைந்திருந்தது. 21 ஆண்டுகளுக்கு முன் அடியில் கிடந்த முழு மயக்கம் மூன்றாம் இடத்துக்கு ஏறியிருந்தது. வாய்மேல் கை கடைசி இடத்துக்கு இறங்கியிருந்தது. மயக்க மருத்துவம் பாதுகாப்பானதாக மாறியிருந்தது. குழந்தையை அடிப்பதும் அதட்டுவதும் நடுத்தர வகுப்பு வீடுகளில் மதிப்பிழந்திருந்தன. வழக்கு மன்றங்கள் ஒப்புதலின் பொருளை விரித்திருந்தன. மறு ஆண்டு, 2006இல், அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகம் வாய்மேல் கை முறையைத் தன் வழிகாட்டு நெறிகளிலிருந்து நீக்கியது. ஜோர்டனின் நூல் வெளியாகி 81 ஆண்டுகள் கடந்திருந்தன. அம்முறையைத் தொழிலிலிருந்து வெளியேற்றியதில் மருத்துவர்களின் மனமாற்றத்தைவிடப் பெற்றோரின் ஏற்பின்மைக்கே பெரும்பங்கு இருந்தது எனக் கொள்வதில் தவறில்லை.

இந்த வினாநிரல் இந்தியாவுக்கும் வந்தது. கடந்த இருபதாண்டுகளில் பல நகரங்களின் பல் மருத்துவக் கல்லூரிகளில் முதுநிலை மாணவர்கள் அதை மொழிபெயர்த்துக் கேட்டுள்ளனர். மொழிபெயர்ப்பிலேயே சிக்கல் தொடங்குகிறது. 'குரல் கட்டுப்பாடு' என்பதைச் சித்தூரில் ஒரு தந்தையிடம் எப்படிச் சொல்வது? அதட்டுவது என்றால் அவர் அதை நாள்தோறும் செய்கிறார். ஆசிரியரும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தே வளர்ந்தவர். மகன் அடங்கவேண்டும் என்பதற்காக மருத்துவர் குரலை உயர்த்தினால் அவர் தலையசைப்பார். ஓஹையோத் தாய் அதே குரலைக் கேட்டுப் புகார் எழுதுவாள். 'முழு மயக்கம்' என்றால் இங்குள்ள பெற்றோருக்கு முதலில் நினைவில் எழுவது அறுவைச் சிகிச்சை அரங்கு, மருத்துவமனைக் கட்டணம், 'கண் விழிக்காமல் போய்விட்டால்' என்ற அச்சம் ஆகியவையே. பால்பல்லுக்காக அவ்வளவா என்ற கேள்வி உடன் வரும். ஆகவே அமெரிக்கப் பட்டியலில் மேலேறிய ஒன்று இங்கும் மேலேறும் என்று எதிர்பார்க்க முடியாது.

எல்லாவற்றிலும் சிக்கலான சொல் 'பிடித்தல்' என்பதே. வினாநிரலில் அது 'உடற்கட்டுப்பாடு' என்று வருகிறது; ஆம், இல்லை என்று குறியிடக் கேட்கப்படுகிறது. கல்யாண கட்டாவில் பிள்ளையின் தலையைப் பிடித்திருந்த தந்தை அச்சொல்லின் முன் திகைத்தால் வியப்பில்லை. அவர் மறுப்பது பிடிப்பதை அன்று. பிடிப்பவர் யார் என்பதையே. பெயர் தெரியாத உதவியாளர் கைகளைப் பிடிக்க, தாம் கதவுக்கு வெளியே நிற்பதைத்தான் அவரால் ஏற்க முடிவதில்லை. குறியிடும் கட்டத்தில் இந்த வேறுபாட்டுக்கு இடம் இல்லை. அவர் 'இல்லை' என்று குறித்தாலும் 'ஆம்' என்று குறித்தாலும் ஆய்வாளருக்கு வேறொரு செய்தியே போய்ச் சேரும்.

சட்டம் இந்த வாசலில் நெடுங்காலமாக நின்றுகொண்டிருக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 89ஆம் பிரிவு, 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, நல்லெண்ணத்துடன், காப்பாளரின் ஒப்புதலோடு செய்யப்படும் செயலுக்குச் சில வரம்புகளோடு பாதுகாப்பு அளித்தது. அந்த ஒப்புதல் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதில்லை. குறிப்பாக இருந்தாலும் போதும். 2024 ஜூலை 1 முதல் அதே விதி பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆம் பிரிவாகத் தொடர்கிறது. குழந்தையைக் கொண்டுவந்து ஒப்படைத்ததே ஒப்புதல் என்று மருத்துவர் நினைத்ததற்கு இப்பிரிவில் இடம் இருந்தது. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒப்புதலுக்கு வேறு உயரத்தைக் கொடுத்தது. சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், இடர்கள் ஆகியவற்றைப் போதிய அளவு விளக்கிப் பெறுவதே ஒப்புதல் என்றது. அவ்வழக்கு வளர்ந்த பெண் ஒருவரைப் பற்றியது. ஆயினும் அதன் நெறி எல்லா மருத்துவ அறைகளுக்கும் பொருந்தும். தெலுங்கும் தமிழும் பேசும் தாயிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டி 'இங்கே கையெழுத்துப் போடுங்கள்' என்பது அந்நெறியை நிறைவேற்றுமா என்பது பற்றி ஐயத்துக்கு இடமில்லை.

இவ்வளவு உரையாடலிலும் பேசாதவர் ஒருவர் உண்டு. இந்தியா 1992 திசம்பரில் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, தன்னைப் பாதிக்கும் செயல்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்கு வழங்குகிறது. இத்துறையின் பாடநூல்களை எழுதிய அமெரிக்கா அவ்வுடன்படிக்கையை இன்றுவரை உறுதிசெய்யவில்லை என்பது இடைக்குறிப்பு. மருத்துவர் கருத்தும் பெற்றோர் கருத்தும் அளக்கப்பட்ட அளவுக்குக் குழந்தையின் கருத்து அளக்கப்படவில்லை. அதன் அழுகை மட்டும் ஃபிராங்கல் குறியாக ஏட்டில் ஏறியது.

அண்மைக் காலத்தில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் ஒரு முறையைத் திருப்பதி வட்டாரத்துப் பாட்டிமார் கண்டால் அதைப் புதுமை என்று சொல்லமாட்டார்கள். அதற்கு நாற்காலி தேவையில்லை. மருத்துவரும் தாயும் முழங்காலோடு முழங்கால் படும்படி எதிரெதிரே அமர்கின்றனர். குழந்தை தாயின் மடியில் அவளை நோக்கி, கால்களை அவள் இடுப்பின் இருபுறமும் போட்டு அமர்கிறது. பிறகு மெல்லப் பின்னால் சாய்க்கப்படுகிறது. தலை மருத்துவரின் மடியில், உடல் தாயின் மடியில். கைகளைப் பிடித்திருப்பவள் தாய். குழந்தை பெரும்பாலும் அழுகிறது. அதைத் தடுக்க யாரும் முயல்வதில்லை. அழுவதற்காகத் திறக்கும் அந்த வாயே, உள்ளே முளைத்திருக்கும் நான்கைந்து பற்களைப் பார்ப்பதற்கு மருத்துவருக்குப் போதுமானதாகிறது.